நான் அனுப்பிவைத்த புல்வெட்டி

1

வெளிநாட்டுல இருந்து எழுதறவங்க குளிரைப் பத்தி எழுதுவாங்க, சுத்தமான ரோட்டைப் பத்தி எழுதுவாங்க. எனக்கு இப்ப அதுக்கெல்லாம் மனசில்லீங்க. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு என்ற அப்பா செத்துப்போயிட்டாருன்னு நான் நம்புனேன். முப்பத்தஞ்சு நிமிஷம் அப்படியே நம்பிக்கிட்டு நின்னேன். கொன்னது நான்தான்னும் நம்புனேன். இப்ப உசுரோட இருக்காரு. மத்ததைப் பொறவு சொல்றேன்.

நாங்க இருக்கறது நியூசிலாந்தோட தெக்குக் கோடியில ஒரு சின்ன டவுன்ல. வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் பால் லாரி ஓட்டறாரு. மக மதுவுக்குப் பதினஞ்சு வயசு. நான் முதியோர் இல்லத்துல வேலை செய்யறேன். அப்பா கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்துல தென்னந்தோப்புல தனியா இருக்காரு. எழுபத்தாறு வயசு. அம்மா போயி இந்த வெள்ளிக்கிழமையோட ஒரு வருஷம்.

2

அந்தப் புல்வெட்டி மிஷினை வாங்கி அனுப்புனது நான்தானுங்க. வேற யாரு மேலயும் பழி போட வழியில்லை.

போன மழைக்குப் பொறவு தோப்புல புல்லு இடுப்பளவு நின்னுச்சு. வெட்டறதுக்கு ஆள் கிடைக்கறதில்லை. கிடைச்சாலும் இன்னிக்கு வர்றேன்னு சொல்லிட்டு அடுத்த வாரம் போனை எடுக்க மாட்டாங்க. ஒரு நாள் அப்பா போன்ல பேசறப்ப, "நேத்து மோட்டார் ரூமுக்குப் போற வழியில ஒரு கண்ணாடி விரியன் கெடந்துது அம்மிணி, அடிச்சுப்போட்டன்"னு என்னமோ வாழைப்பழம் வாங்குன மாதிரி சொல்றாரு. அன்னிக்கே கம்ப்யூட்டர்ல உக்காந்து மிஷினுக்கு ஆர்டர் போட்டேன். நாலாம் நாள் தோப்புக்கே கொண்டுவந்து குடுத்துட்டாங்க.

நாங்க எல்லாரும் இதைத்தானுங்க பண்றோம். போக முடியறதில்லை, ஒரு மிஷினை அனுப்பி வெச்சுடறோம். மொதல்ல மிக்சி. பொறவு துணி தொவைக்கற மிஷின். அம்மாவுக்குச் சக்கரை பாக்கற கருவி. ஒவ்வொண்ணு போய்ச் சேரறப்பவும் நானே போய்ச் சேந்த மாதிரி ஒரு வாரத்துக்கு நிம்மதியா இருக்கும்.

இந்த மிஷின்ல நிம்மதி ஒரு வாரம்கூட நிக்கலை. தோள்ல மாட்டிக்கற வாரு, நீளமான ஒரு தண்டு, மேல் நுனியில பெட்ரோல் எஞ்சின், கீழ் நுனியில தேங்காய்மூடி அளவுக்கு ஒரு வட்டத் தலை. அந்தத் தலைக்குள்ள நைலான் நரம்பு சுத்தி வெச்சிருக்கும். தலை சுத்துனா நரம்பு வெளிய நீட்டிக்கிட்டுப் புல்லை அறுத்து எறியும். கூட வந்த புஸ்தகத்தை நான் இங்கிருந்தே தேடிப் படிச்சேன். கல்லு தெறிக்கும்னு போட்டிருக்கு. பக்கத்துல ஆள் நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டி எச்சரிக்கை. உடனே பூட்ஸும் கண்ணாடியும் வாங்கி அனுப்புனேன்.

"ஏனுங்கப்பா, பூட்ஸ் போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டன் போட்டன்."

போன்ல பாத்தா கால்ல ரப்பர் செருப்பு, அஞ்சு வெரலும் தெரியுது. பூட்ஸு எங்கீங்கன்னு கேட்டா, பீரோவுல பத்திரமா இருக்குதாம். எங்கப்பனாட்டம் அழும்பு புடிச்ச ஆளை நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க.

3

என்ற வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இல்லத்துல ஒரு பெரியவருக்குக் கையில சிராய்ப்பு வந்துச்சுன்னா நாலு பக்கம் எழுதணும். எத்தனை மணிக்கு, எந்தக் கதவுல, யாரு பக்கத்துல இருந்தது, ஏன் தடுக்கலை. படம் எடுத்து ஒட்டணும். அவரு மகளுக்குப் போன் பண்ணி, "உங்கப்பா நல்லா இருக்காரு, சின்னச் சிராய்ப்புதான்"னு பொறுமையாச் சொல்லணும். நான் அதை நல்லாச் செய்வேன்னு அங்க எனக்குப் பேரு.

என்ற அப்பாவுக்கு யாரு அந்தக் காகிதத்தை எழுதறது? தோப்புல எஞ்சினைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தனியா நிக்கறாரு. விழுந்தா எடுத்து உக்கார வெக்க ஆளில்லை. பக்கத்துத் தோப்புச் சரசக்கா ஒருத்திதான். அவளும் மாடு, பால் சொசைட்டின்னு ஓடிக்கிட்டே இருப்பா.

இங்க கூட்டிட்டு வந்துடலாமேன்னு கேப்பீங்க. முயற்சி பண்ணாமலா இருந்தேன்? அப்பா பேசறது தமிழு. தோப்பு மலையாள எல்லைக்குள்ள இருக்கறதால அவரோட காகிதம் பூராவும் மலையாளம். விசா கேக்கறவங்களுக்கு வேண்டியது இங்கிலீஷு. வில்லேஜ் ஆபீஸ் சர்ட்டிபிக்கேட்டை மலையாளத்துல இருந்து இங்கிலீஷுக்கு மாத்தி, சீல் வாங்கி, ஸ்கேன் பண்ணி அனுப்புனா, ரேஷன் கார்டுல இருக்கற பேரும் பாஸ்போர்ட்டுல இருக்கற பேரும் ஒரே ஆளுதானான்னு திருப்பிக் கேட்டாங்க. ஒரே ஆளுதான்னு ஒரு அபேட்சை, அதான் விண்ணப்பம். அதுக்கொரு சாட்சி. இதெல்லாம் முடியறதுக்குள்ள, "நான் வந்து அங்க என்ன பண்றது, சன்னல்ல உக்காந்து மழையைப் பாக்கறதா?"ன்னு அப்பா ஒரே போடாப் போட்டுட்டாரு. கோப்பு இன்னும் எங்கயோ இருக்கு.

4

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிஞ்சு வந்து சாம்பாருக்குப் பருப்பு வெச்சுக்கிட்டிருந்தேன். அங்க காலையில ஒம்பது மணி. அப்பா வீடியோவுல கூப்புட்டாரு. எப்பவும் நான்தான் கூப்புடுவேன். அவரா கூப்புட்டதும் கரண்டியைப் போட்டுட்டுப் போனை எடுத்தேன்.

"மிஷினு சுத்த மாட்டீங்குது அம்மிணி. எஞ்சின் ஓடுது. தலை அசைய மாட்டீங்குது."

"ஓடலைன்னா விடுங்கப்பா. கொல்லங்கோட்டு மெக்கானிக் வரட்டும்."

"அவன் வாரது சனிக்கெழமை. வெள்ளிக்கெழமை உங்கம்மாவுக்கு வருசம். மேக்கால பொதைச்ச எடத்துக்கு வழியே தெரியல, பூராப் புல்லு. சொந்தபந்தம் வந்தா எப்புடிப் போவாங்க?"

அம்மா வருஷத்துக்கு நான் வரலை. லீவு தீந்துபோச்சு. வழியையாவது சுத்தம் பண்ணி வெக்கறேங்கறவரை வேண்டாம்னு சொல்ல எனக்கு எந்த வாயும் இல்லை.

போனைத் தென்னைமரத்துல சாச்சு வெச்சுட்டு மிஷினை முன்னால இழுத்துப்போட்டுக் காட்டுனாரு. தலையைச் சுத்தி வெள்ளையா, தோசைக்கல்லு ஓரத்துல புடிச்சிருக்கற பிசுக்கு மாதிரி என்னமோ அப்பிக் கெடந்துச்சு. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.

"ஏனுங்கப்பா, இதுக்கு என்ன எண்ணெய் விட்டீங்க?"

"எதை உடுவாங்க? தேங்காயெண்ணெதான்."

"எத்தனை நாளு?"

"தெனமும் முடிச்சதும் ரண்டு கரண்டி. மிஷினு நல்லா இருக்கோணுமில்ல?"

சிரிக்காதீங்க. எங்க பக்கத்துல தேங்காயெண்ணெய்தான் எல்லாத்துக்கும். கதவுக் கீலு, தையல் மிஷினு, பூட்டு, தலைமுடி, முட்டிவலி, எதுக்கும் அதேதான். நானும் யோக்கியம் இல்லை. இங்க வந்த மொத வருஷம் மதுவோட சைக்கிள் செயினுக்கு அதைத்தான் விட்டேன். குளிர்ல எண்ணெய் மெழுகாட்டம் ஒறைஞ்சு, ரோட்டுத் தூசியும் சேந்து, செயின் அசையவே இல்லை. புள்ளை ரண்டு மைல் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தா. இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தோப்புல மார்கழி மாசக் கணவாய்க் காத்து அடிச்சா வீட்டுக்குள்ள பாட்டில்ல இருக்கற எண்ணெயே கட்டியாயிரும். வாரக்கணக்கா ஊத்துன எண்ணெயும் புல்லுத் தூளும் தென்னம்பஞ்சும் சேந்தா எப்படி இருக்கும்?

"சுடுதண்ணி ஊத்துனா விட்டுரும்ப்பா"ன்னேன்.

"இரும்புல தண்ணி ஊத்துனா துரு ஏறும்"னு தட்டிவிட்டாரு.

சரி, தலையைக் கழட்டலாம்னு நான் வழி சொன்னேன். மொதல்ல பிளக் மேல இருக்கற ரப்பர் மூடியைப் புடுங்குங்க, அப்பத்தான் எஞ்சின் தப்பித் தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாது. பொறவு தலைக்கு மேல ஒரு ஓட்டை இருக்கும், அதுல ஸ்குரூட்ரைவரை விட்டுப் புடிச்சுக்கங்க. பொறவு தலையைத் திருப்புங்க. ஆனா வழக்கமா கழட்டற பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். இதுக்கு மரை தலைகீழா வெட்டியிருக்கும்.

மூடியைப் புடுங்குனாரு. ஸ்குரூட்ரைவர் ஓட்டைக்குள்ள போகவே மாட்டேங்குது. இந்தப் பக்கம் வழுக்குது, அந்தப் பக்கம் வழுக்குது. நாலு தடவை கீழ விழுந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"ஓட்டையைப் பாத்து வெய்யுங்கப்பா! என்ன பண்றீங்க அங்க?"

அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. ஸ்குரூட்ரைவரை அக்கட்டால வீசிட்டு பிளக் மூடியைத் திரும்ப மாட்டுனாரு.

"எதுக்கு மாட்டறீங்க? அப்பா! எதுக்கு மாட்டறீங்க?"

"ஸ்டார்ட் பண்ணி ஒரே முறுக்கா முறுக்குனா தன்னால உட்டுப்போயிரும்."

"வேண்டாங்கப்பா. வேண்டாம், வேண்டாம்…"

கயித்தை இழுத்தாரு. எஞ்சின் புடிச்சுக்கிச்சு. அந்தத் தலையைச் செருப்புக் காலால மிதிச்சுக்கிட்டு, குனிஞ்சு கையைக் கொண்டுபோனாரு. நான் பாத்தது அவ்வளவுதான். எஞ்சின் அதிர்வுல போன் சரிஞ்சு மல்லாக்க விழுந்துடுச்சு.

5

இப்பப் போன்ல தெரியறது தென்னங்கீத்தும் வானமும் மட்டும். எஞ்சின் சத்தம் ஏறுது. ஏறிக்கிட்டே போகுது. டக்குனு ஏதோ தெறிச்ச மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் நின்னுபோச்சு. பொறவு ஒண்ணுமே இல்லை.

"அப்பா!"ன்னேன். "அப்பா!" கத்துனேன். எங்க வீட்டுச் சன்னல் அதிர்ந்திருக்கும். கீத்து மெல்ல ஆடுது. ஒரு காக்கா கத்துது. அவரு குரல் வரலை.

மது மாடியில இருந்து ஓடி வந்தா. என்ன ஆச்சுன்னு இங்கிலீஷ்ல கேக்கறா, நான் தமிழ்ல கத்தறேன். அவ போனைப் புடுங்கிச் சரசக்காவுக்கு அடிச்சேன். மணி அடிச்சு அடிச்சு நிக்குது. திரும்பவும் அடிச்சேன். திரும்பவும். பாலூத்தப் போயிருப்பா, போனை வண்டியில வெச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது?

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணலாம்மா, நம்பர் என்ன?"ன்னு மது கேட்டா. எனக்கு இந்த ஊரு நம்பர் தூக்கத்துல கேட்டாலும் வரும். அங்க என்ன நம்பர்னு சட்டுனு வாயில வரலை. இங்கிருந்து அடிச்சா போகுமான்னும் தெரியலை. அவ தேடிக்கிட்டே, "அப்புச்சி வீட்டு அட்ரஸ் சொல்லுங்க"ன்னா. நான் சொன்னேன், செக்போஸ்ட் தாண்டி ரண்டாவது வாய்க்கால் பாலத்துல எடது பக்கம் மண்ரோட்டுல வந்தா மூணாவது தோப்பு. அவ என்னையே பாத்தா. "அதை எப்படிம்மா டைப் பண்றது?"

என்ற மகளுக்கு என்ற ஊரை எழுதத் தெரியலைங்க. அவளைச் சொல்லி என்ன? நான் எப்பச் சொல்லிக் குடுத்தேன்?

அப்ப எனக்கு என்னென்ன தோணுச்சுன்னு ஒளிக்காமச் சொல்லிடறேன். கை போயிருக்கும்னு தோணுச்சு. மணிக்கட்டுல வெட்டுனா எத்தனை நிமிஷம் தாங்கும்னு எனக்குத் தெரியும், வேலையில பயிற்சி குடுத்திருக்காங்க. கடிகாரத்தைப் பாத்தேன். பத்து நிமிஷம் ஆச்சு. பதினஞ்சு ஆச்சு. அவரு தோப்புல ரத்தத்துல கெடக்கறாரு, நான் பருப்பு தீயற வாசனையில நின்னு கீத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். எம்மேல எனக்கே அருவருப்பா இருந்துச்சு. எதுக்கு அந்த மிஷினை அனுப்புனேன்? பாம்பு இருந்துச்சுன்னா நான் போயிருக்கணும். ஆளைத் தேடிக் குடுத்திருக்கணும். பத்து வெரலையும் வெட்டிப்போடற ஒண்ணைப் பெட்டியில போட்டு வாசலுக்கே அனுப்பி வெச்சுட்டு நான் இங்க நிம்மதியாத் தூங்கியிருக்கேன். என்ற பயத்தை ஆத்திக்கத்தான் அனுப்பியிருக்கேன், அவருக்கு ஒத்தாசைக்கு இல்லை.

ஒவ்வொரு தடவை பேசி முடிக்கறப்பவும் பயந்துக்கிட்டேதான் போனை வெப்பேன். இதுதான் கடைசியா இருந்துட்டா? பதினோரு வருஷமா இந்தப் பயம் தெனமும் என்னோட எந்திரிச்சு, என்னோட படுக்குது. வெளியூர்ல இருக்கற எங்க எல்லாருக்கும் இது இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டோம், பிரியாணி பண்ணிக் கூடிச் சாப்புட்டுட்டுப் பிரிஞ்சுடுவோம்.

மது என்ற தோளைப் புடிச்சு உக்கார வெச்சா. அடுப்பை அணைச்சா. வழக்கமா ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கறவ, அன்னிக்கு என்ற கையை விடவே இல்லை.

6

கீத்துக்குக் குறுக்கால ஒரு நெழல் வந்துச்சு. போன் தூக்குப்பட்டுச்சு. அப்பா மூஞ்சி.

"அம்மிணி, போனு கீழ உழுந்து கெடக்குது பாரு. சித்த நேரம் ஆயிப்போச்சு, கேஸு தீந்துபோச்சு, மிஷினை ஊட்டுக்கே தூக்கிட்டுப் போயி வெறகு அடுப்புலதான் தண்ணி காய வெச்சன். நீ சொன்னது நெசந்தான். எஞ்சினு முக்கி முக்கி நின்னே போச்சு. சுடுதண்ணிய ஊத்துனதும் தலை பம்பரமாட்டம் சுத்துது!"

சுடுதண்ணி. சுடுதண்ணி காய வெக்கப் போயிருக்காரு!

எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலை. எங்க பக்கத்துல அப்பனை ஒருமையில பேசற பொண்ணு கெடையாது. பேசுனா ஊரே காறித் துப்பும். நான் என்ற வாழ்க்கையில மொத தடவையாக் கத்துனேன்.

"கையைக் காட்டு!"

அவரு முழிச்சாரு.

"கையைக் காட்டுன்னு சொல்றேன்! ரண்டு கையையும் காட்டு!"

போனைத் திரும்பவும் மரத்துல சாச்சு வெச்சுட்டு, ரண்டு கையையும் முன்னால நீட்டுனாரு. நான் எண்ணுனேன். வாய்விட்டு எண்ணுனேன். பத்து வெரலும் இருந்துச்சு. ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

ஆனா வலது கை நிக்கலை. கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும் ஒண்ணு மேல ஒண்ணு, எதையோ உருட்டற மாதிரி உருட்டிக்கிட்டே இருந்துச்சு. அவரு கையை மடக்குனாரு, மடக்கியும் நிக்கலை. ஸ்குரூட்ரைவர் ஓட்டைக்குள்ள ஏன் போகலைன்னு எனக்கு அப்பப் புரிஞ்சுது. பாவி, அதுக்குப் போயி அவரைத் திட்டியிருக்கேன். நடுக்குவாதம் வந்த அந்த மாதிரிக் கையை நான் இல்லத்துல தெனமும் பாக்கறவ. அந்தக் கைக்குச் சட்டைப் பொத்தான் மாட்டி விடறதுதான் என்ற காலை வேலையே.

"இது என்னங்கப்பா?"

"எஞ்சினு அதிர்வு கண்ணு. சித்த நேரத்துல நின்னுரும்."

"எஞ்சின் நின்னு அரை மணி நேரமாச்சு."

அவரு பக்கவாட்டுல பாத்தாரு. கையை வேட்டி மடிப்புக்குள்ள கொண்டுபோனாரு.

"எத்தனை நாளா இருக்குது?"

"உங்கம்மா இருக்கறப்பவே ஆரம்பிச்சுதுதான். அவதான் சொல்ல வேண்டாம்னுட்டா. நீ அத்தனை தூரத்துல இருந்துக்கிட்டுப் பயந்து சாவீன்னு."

ஆக, நான் அங்க இருக்கறவங்களுக்காகப் பயந்துக்கிட்டிருந்த அத்தனை நாளும் அவங்க ரண்டு பேரும் எனக்காகப் பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களான்னு கேட்டேன். போகலையாம். மிஷினைத் தொடாதீங்க, சரசக்கா வந்ததும் ஆள் கூப்புட்டு வழியை வெட்டச் சொல்றேன், நான் வர்றேன்னேன்.

நான் எப்ப வர்றேன்னு சொன்னாலும் அவருகிட்ட ஒரே பதில்தானுங்க வரும். "இப்ப என்ன அவசரம், எனக்கு என்ன கொறைச்சலு, இருக்கற சோலியைப் பாரு." பதினோரு வருஷமா இதே பதில். எனக்கும் அந்தப் பதில் ரொம்ப வசதியா இருந்துச்சு. அன்னிக்கும் அதைத்தான் சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

அவரு அப்படிச் சொல்லலை. வேட்டிக்குள்ள இருந்த கையை இன்னொரு கையால புடிச்சுக்கிட்டு, சின்னக் கொரல்ல கேட்டாரு.

"எப்ப வருவே கண்ணு?"